மெதுவாகப் பேச மூச்சு வேண்டும்

திருவனந்தபுரம் பழவங்காடியில் துணிக்கடை வாசல்களில் நின்று ஆள் கூப்பிடுகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே,

போன வாரம் உங்களில் ரெண்டு பேர் குடோனுக்கு வந்து, "அண்ணே, சாயங்காலம் ஆனா தொண்டை அடைச்சிருது, என்னண்ணே செய்ய?" என்று கேட்டீர்கள். நான் மிளகு, பனங்கற்கண்டு என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதில் இல்லை. பதில் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தும் அப்படித்தான் இருக்கும்.

எனக்கே இன்னும் முப்பது ஆகவில்லை. அதற்குள் ரிட்டயர் ஆனவன் மாதிரி புத்தி சொல்ல வந்துவிட்டான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். வாசலைப் பொறுத்தவரை நான் ரிட்டயர் ஆனவன்தான். அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று வாசலில் போய் நின்றேன். தமிழ்நாட்டு வண்டி ஒன்று வந்தது. வயசான ஒரு பெண் இறங்கி நம் கடையைப் பார்த்தார். அப்போது நாம் என்ன சொல்லிக் கூப்பிடுவோம்? "அம்மா, வாங்கம்மா, உள்ள வாங்கம்மா." எனக்கு வாய் திறக்கவில்லை. முதலாளியிடம் கேட்டு உள்ளே சேலை மடிக்கிற வேலைக்குப் போனேன். அங்கிருந்து குடோனுக்கு.

இந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று முதலில் சொல்கிறேன். அப்பா கட்டட வேலைக்காக வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தவர். நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா கரமனையில் அக்கிரகாரத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்து என்னை வளர்த்தாள். ஆற்றோரச் சந்து ஒன்றில் ஒற்றை அறை வீடு.

முதலாளி நாகர்கோவில்காரர். வேலை கேட்டுப் போன அன்று என்ன படித்திருக்கிறாய் என்று அவர் கேட்கவே இல்லை. என்னை வாசலில் நிறுத்திவிட்டு ரோட்டைத் தாண்டிப் பிள்ளையார் கோயில் பக்கம் போய் நின்றார். நடுவில் பஸ், ஆட்டோ. கோயில் முன்னால் ஆட்கள் தேங்காய் எறிந்து உடைக்கிற சத்தம் வேறு. "கூப்பிடுலே!" என்று கையைக் காட்டினார். கூப்பிட்டேன். காதில் கை வைத்துக் காட்டினார். இன்னும் கத்தினேன். கழுத்து நரம்பு புடைக்கக் கத்திய பிறகு திரும்பி வந்தார்.

"சத்தம் இருக்கு மக்கா. ஆனா எடையில எடையில நிறுத்துதியே, அது ஆவாது. நீ மூச்சு வாங்குத நேரத்துல பக்கத்துக் கடக்காரன் ஆள இழுத்துட்டுப் போயிருவான். விடாம கூப்பிடணும், கேட்டியா?"

உங்களுக்கும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். வாசலில் இடைவெளி விழக்கூடாது. இடைவெளி விழுந்தால் ஆள் போச்சு. அதனால் நாம் யாரும் மூச்சு எடுப்பதில்லை. ரெண்டு சொல்லுக்கு நடுவில், தண்ணீருக்கு வெளியே போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து ஒரு மடக்கு திருடிக்கொள்கிறோம். தோள் மட்டும் ஏறி இறங்கும். காற்று நெஞ்சுக்குக் கீழே போகாது. அந்த ஒரு மடக்கை வைத்துக்கொண்டு, "சேச்சி வரூ, சேட்டா வரூ, அகத்து கேறி நோக்கூ, நைட்டி, சுரிதார், செட்டுமுண்டு" என்று, அக்கா அண்ணனை உள்ளே கூப்பிடுவதிலிருந்து துணி வகை வரை, முழுவதையும் சொல்லி முடிக்கிறோம். செட்டுமுண்டு வரும்போது உள்ளே காற்றே கிடையாது. தொண்டையை நெரித்துத்தான் அந்தச் சொல்லை வெளியே தள்ளுகிறோம். உங்கள் தொண்டை அடைப்பது அதனால்தான். வெயிலாலும் இல்லை, தூசியாலும் இல்லை.

எனக்கு முதல் அடி ஒரு சபரிமலை சீசனில் விழுந்தது. தமிழ்நாட்டு வண்டிகள் வந்து குவிகிற நேரம். நம் கடையில் தமிழில் கூப்பிட நான் ஒருவன்தான். ஒரு நாள் காலையில் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. முதலாளி யோசித்தார். முன்பு எப்போதோ நான் கூப்பிடுவதை அவர் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தார். அதை ஒரு ஸ்பீக்கரில் போட்டு வாசலில் வைத்துவிட்டார்.

"நீ கையக் காட்டி வாய மட்டும் அசைலே. எவனுக்குத் தெரியப் போவுது?"

அப்படியே செய்தேன். என் குரல் ஒரு பெட்டிக்குள்ளிருந்து "சாமி வாங்க, சாமி வாங்க" என்று கூப்பிட்டது. நான் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினேன். ஒரு சாமியின் வீட்டுக்காரம்மா நின்று என்னையே பார்த்தார். "ஏங்க, இந்த ஆளுக்கு வாய் ஒரு பக்கம் போகுது, சத்தம் ஒரு பக்கம் போகுது" என்றார். வண்டியிலிருந்து இறங்கியவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பக்கத்துக் கடையில் கூப்பிடுகிறவன், "மக்கா, ஒன் சத்தத்துக்கு நீயே டான்ஸ் ஆடுதியா?" என்று கேட்டான். காது மடல் சுட்டது. ஆனாலும் சாயங்காலம் வரை வாயை அசைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

அன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பாடம் தப்பு. தொண்டை பலமில்லை, அதைப் பழக்க வேண்டும் என்று நினைத்தேன். குரல் திரும்பி வந்ததும் முன்னைவிட அதிகமாகக் கத்தினேன். கொஞ்ச நாளில் தொண்டை தடித்துப்போய் ஒரு குரல் நிலைத்தது. கரகரவென்று, ரோட்டைத் தாண்டிப் போகிற குரல். முதலாளிக்குச் சந்தோஷம். எனக்கும் பெருமை. அந்த ஒரு குரலைத் தவிர வேறு எந்தக் குரலும் என்னிடம் இல்லாமல் போய்விட்டது என்பது எனக்குத் தெரியவில்லை. நான் பேசினாலே கூப்பிடுவது மாதிரிதான் இருக்கும். போனில் பேசினால் எதிர்முனையில் காதைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சோறு கேட்டால் சந்து முழுக்கக் கேட்கும்.

அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். "எய்யா, இந்தா இங்கதான இருக்கேன். மெதுவாப் பேசுயா."

"மெதுவாத்தானம்மா பேசுறேன்!" என்பேன். எதிர்வீட்டில் சிரிப்பார்கள்.

இனிமேல் சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். பெண் பிள்ளைகளும் படிப்பீர்கள். ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சந்தில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். குழாயடியில் பெண்கள் கூட்டம். நான் வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மெடிக்கல்ல ஒரு சாமான் வாங்கிட்டு வாரியாய்யா? எனக்கு நடக்க முடியல" என்றாள்.

"என்ன சாமான்?"

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்டேன். கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்து இழுத்து, காதருகே சொன்னாள்.

"பேடா? லேடீஸ் பேடா? உனக்கா? இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா?"

குழாயடியில் பேச்சு நின்றது. வாளி நிறைந்து வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ, "அம்மச்சி பின்னேயும் செறுப்பமாயோ?" என்று கேட்டார்கள். அம்மா மறுபடி குமரியாகிவிட்டாளா என்று. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆமாம், நானும் சிரித்தேன்.

"ஒண்ணும் வேண்டாம்யா. நீ கடைக்குப் போ" என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கோபத்தில் கத்தவில்லை. கேலி செய்ய நினைக்கவும் இல்லை. எனக்கு அதுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் வாங்கிவரச் சொல்லவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாயிருக்கேன்" என்பாள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் அவள் வேலை செய்கிற வீட்டிலிருந்து போன் வந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்துவிட்டாளாம். அந்த வீட்டு மாமி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். நான் ஓடிப் போனேன். டாக்டர் கேட்டார், "ரத்தம் போகான் துடங்ஙிட்டு எத்தற நாளாயி?" ரத்தம் போக ஆரம்பித்து எத்தனை நாள் ஆகிறது என்று.

"தெரியாது டாக்டர்."

"ஒரே வீட்டில் அல்லே தாமசம்?" ஒரே வீட்டில்தானே குடியிருக்கிறீர்கள் என்று.

ஒரே வீடு என்ன, ஒரே அறை. தலையைக் குனிந்துகொண்டேன்.

கர்ப்பப்பையில் கட்டி, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். விதுராவிலிருந்து சித்தி வந்தாள். அம்மாவின் தங்கச்சி, ரப்பர் பால் வெட்டப் போகிறவள். பெண்கள் வார்டில் கூட இருக்க ஒரு பெண் வேண்டும், அதனால் வேலையை விட்டுவிட்டு வந்து இருந்தாள். வராந்தாவில் நான் அவளிடம், "ஏன் சித்தி அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன். கேட்டதும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சித்தி என் வாயைப் பொத்தினாள். "இதுக்குத்தாம்லே. எங்கிட்டயும் போன்ல பாதிதான் சொன்னா. ஒங்கிட்ட சொல்லச் சொன்னதுக்கு, 'அவங்கிட்ட சொன்னா கரமனைக்கே சொன்ன மாரி'ன்னுட்டா."

ஆண்களைச் சாயங்காலம் மட்டும்தான் வார்டுக்குள் விடுவார்கள். முதல் நாள் போய் அம்மா பக்கத்தில் நின்று, "இப்ப ரத்தம் போகுதாம்மா?" என்று கேட்டேன். வார்டு முழுக்கத் தலைகள் திரும்பின. நர்ஸ் ஓடி வந்து, "இது சந்தயல்ல. பதுக்கே பறயூ" என்றார். சந்தை இல்லை, மெதுவாகப் பேசு என்று. சரியென்று குனிந்து கிசுகிசுத்தேன். நமக்கு மெதுவாகப் பேசுவது என்றால் கிசுகிசுப்பதுதானே தெரியும். அது பாம்பு சீறுகிற மாதிரி இன்னும் தூரம் போனது. பக்கத்துக் கட்டிலில் இருந்த சேச்சி, அம்மாவுக்குப் பதிலாக அவரே சொன்னார்: "இந்நு குறவுண்டு மோனே, பேடிக்கண்டா." இன்றைக்குக் குறைவுதான், பயப்படாதே என்று. நல்ல மனசோடுதான் சொன்னார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பார்க்க விடுகிற நேரம் முடியும்வரை திரும்பவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஒரு பெண் வந்து அம்மாவுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். பிசியோதெரபி படித்த பெண். என்னைவிடச் சின்னவள். கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் மூன்று பந்துகள், ஒரு குழாய். குழாயை வாயில் வைத்துக் காற்றை உள்ளே இழுத்தால் பந்து மேலே எழும்பும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க இது. "அம்மே, ஊதண்டா. உள்ளிலேக்கு எடுக்கூ. பதுக்கே, பதுக்கே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஊதாதே, மெதுவாக உள்ளே இழு என்று. அம்மாவுக்கு வரவில்லை. ஊதித்தான் பார்த்தாள்.

நான், "கொண்டாம்மா, நான் காட்டுறேன்" என்று வாங்கினேன். மூச்சை வைத்துப் பிழைக்கிறவன் ஆயிற்றே. ஒரே இழுப்பு. மூன்று பந்தும் டப்பென்று மேலே போய் இடித்துத் தடதடவென்று கீழே விழுந்தன. பெருமையாகச் சுற்றிப் பார்த்தேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சாடிச்சால் போரா. பந்து மேலே நிக்கணும்." குதித்தால் போதாது, நிற்க வேண்டும் என்று.

மறுபடி இழுத்தேன். மறுபடி குதித்து விழுந்தன. எத்தனை தடவை செய்தாலும் ஒரு பந்தைக்கூட என்னால் மேலே நிறுத்தி வைக்க முடியவில்லை.

"சேட்டனு எந்தா ஜோலி?"

"துணிக்கடை வாசல்ல ஆள் கூப்பிடுற வேலை."

"வெறுதேயல்ல!" என்றாள். அதானே பார்த்தேன் என்று அர்த்தம். "ஸ்வாசம் முழுவன் தோளிலாணு. வயற்றில் கை வெச்சு நோக்கிக்கே." மூச்செல்லாம் தோளில் இருக்கிறது, வயிற்றில் கை வைத்துப் பார் என்றாள்.

அதற்குள் அம்மா குழாயை வாங்கிக்கொண்டாள். ஒரு கையை வயிற்றில் வைத்துக் கண்ணை மூடி மெதுவாக இழுத்தாள். ஒரு பந்து ஆடி ஆடி மேலே போய் அங்கேயே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பக்கத்துக் கட்டில் சேச்சி கை தட்டினார்.

"பாத்தியா?" என்றாள் அம்மா. அந்த வார்டுக்கு வந்த பிறகு அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் சொல் அதுதான்.

"பாத்திரம் தேய்க்கவளுக்கு மூச்சு நிக்குது, கத்திப் பொழைக்கவனுக்கு நிக்கல!" என்று சித்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் எதை வைத்துப் பிழைத்தேன் என்று யோசித்தேன்.

அதிலிருந்து தினமும் போனதும் நானும் அம்மாவும் மாறி மாறிப் பந்து எழுப்புவோம். குழாய் இல்லாதபோது வயிற்றில் கை வைத்து மூச்சை மூக்கு வழியாக இழுத்தால் வயிறு கையைத் தள்ள வேண்டும். தோள் அசையக்கூடாது. எனக்கு முதலில் வயிறு உள்ளேதான் போனது. அவ்வளவு தலைகீழாகப் பழகியிருந்தேன். கிழக்கே கோட்டையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பழகுவேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு நாள், "வயறு வேதனயுண்டோ? இறங்ஙணோ?" என்று கேட்டார். வயிற்றுவலி இல்லை சேட்டா, மூச்சு எடுக்கிறேன் என்றேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வாசலிலும் அப்படியே செய்து பார்த்தேன். கீழே வரை மூச்சை நிரப்பி, காற்று தீர்வதற்கு முன்பே நிறுத்தினேன். நைட்டி, சுரிதார் என்று சொல்லி நிறுத்தி, மூச்சு எடுத்துச் செட்டுமுண்டு சொன்னேன். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடே, நிறுத்தி நிறுத்திக் கூப்பிடுத?"

"மூச்சு எடுக்கேன் மொதலாளி."

"அத வீட்ல போயி எடு."

ஆனால் அன்று சாயங்காலம் தொண்டை அடைக்கவில்லை. பாதிச் சத்தத்தில்தான் கூப்பிட்டேன், ஆட்கள் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார்கள். இடைவெளி விழுந்தால் ஆள் போய்விடும் என்பது பொய் என்று சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு பேர் போவார்கள். போகட்டும். உங்கள் தொண்டை உங்களோடு வீட்டுக்கு வர வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கத்துவதற்கு ஒரு மடக்குக் காற்று போதும். மெதுவாகப் பேசத்தான் நிறைய வேண்டும். உள்ளே காற்று இல்லாதவன் மெதுவாகப் பேசப் போனால் ஒன்று சீறுவான், இல்லையென்றால் பாதியில் கத்திவிடுவான். வயிறு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால், அந்தப் பந்து நிற்கிற மாதிரி, குரல் ஒரே உயரத்தில் நிற்கும். அந்தக் குரலைக் கேட்க வேண்டியவர் மட்டும் கேட்பார்.

எனக்கு அது முதலில் எப்போது வந்தது என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து அம்மா எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தாள். தலையணையைச் சரி செய்துகொண்டே, "வலி எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன். அம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். சேச்சி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"போன மழைக்கே ஆரம்பிச்சிருச்சுயா," என்றாள். பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டது, நான் கடைக்குப் போன பிறகு ஆற்றில் கொண்டுபோய் அலசியது, வேலை செய்கிற வீட்டில் தரையில் உட்காரப் பயந்தது, எல்லாம் சொன்னாள். யாரோ ஒரு மூன்றாம் மனுஷியின் கதை மாதிரி சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை. கடைசியில் மட்டும் கேட்டேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேய்யா," என்றாள். "ஒரு தடவ சொன்னேன்."

குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள். மறுபடி தலையணையைச் சரி செய்தேன். பேசியிருந்தால் அது மெதுவாக வந்திருக்காது.

கொஞ்ச நாள் கழித்து டாக்டர் என்னையும் சித்தியையும் அறைக்குக் கூப்பிட்டார். வெளியே எடுத்த கட்டியைப் பரிசோதித்த ரிசல்ட் வந்திருந்தது. நோய் மற்ற இடங்களுக்கும் போயிருக்கிறது என்றார். மருந்து ஏற்றலாம், ஆனால் முழுசாகப் போகாது, உடம்பு தாங்குமா என்றும் தெரியாது. வேண்டாமென்றால் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து வீட்டுக்கு விடலாம். அம்மாவிடம் கேட்டு நாளைக்குச் சொல்லுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லாண்டாம்லே. எல்லாஞ் சரியாயிட்டுன்னு சொல்லி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். அவ பாவம்."

"கேட்டா?"

"கேக்க மாட்டா. கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன். நான் வாயத் தொறந்தாலே அழுதுருவேன். நீ வாயத் தொறந்தா வார்டே அழும்."

அவள் சொன்னது நிஜம். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஒன்றும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று. வீட்டில் போய்ச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். ஆனால் வீடு சந்தில் இருக்கிறது, நாளைக்கே பதிலும் சொல்ல வேண்டும். இன்னொன்றும் தோன்றியது. என் குரலுக்குப் பயந்து ஒரு வருஷம் அவள் தன் உடம்பை என்னிடம் மறைத்தாள். இப்போது அவளுடைய உடம்பைப் பற்றி அவளிடமே நான் மறைத்தால், அவள் பயந்தது சரி என்று ஆகிவிடும். சித்தியை வராந்தாவில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

பார்க்க வருகிறவர்கள் நேரம். வார்டு நிறைய ஆட்கள். பக்கத்துக் கட்டில் சேச்சியைச் சுற்றி அவருடைய வீட்டுக்காரர்கள். டிபன் கேரியர் திறக்கிற சத்தம், குழந்தை அழுகிற சத்தம். அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே, "என்னய்யா சொன்னாரு?" என்றாள்.

வாயைத் திறந்தேன். தோள் தானாக ஏறியது. காற்று மேலேயே நின்றது. எனக்குத் தெரிந்துவிட்டது, இப்போது பேசினால் வாசல் குரல்தான் வரும் என்று. வாயை மூடிக்கொண்டேன். போர்வையை இழுத்து விடுகிற மாதிரி குனிந்து, உள்ளே இருந்த காற்று முழுவதையும் வெளியே விட்டேன். கையை வயிற்றில் வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள். அவளும் காத்திருந்தாள். மெதுவாக நிரப்பினேன்.

"கட்டிய எடுத்தாச்சும்மா. ஆனா அது மத்த எடத்துக்கும் போயிருக்கு."

நிறுத்தினேன். அவசரப்படவில்லை. மூச்சு எடுத்தேன்.

"மருந்து ஏத்தலாம்னு சொல்றாரு. ஏத்தினாலும் முழுசா சரியாவாது."

மறுபடி நிறுத்தினேன்.

"வேண்டாம்னா வலிக்கு மருந்து தந்து வீட்டுக்கு விடுவாங்க. ஒன்னத்தான் கேக்கச் சொன்னாரு."

குரல் உடையவில்லை. எங்கே உடைந்துவிடுமோ என்று பயந்த இடத்திலெல்லாம் காற்று இருந்தது. அம்மா தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைவிட மெதுவாகக் கேட்டாள்.

"வீட்டுக்குப் போனா நீ பாத்துக்கிடுவியா?"

"பாத்துக்கிடுவேன்."

"எல்லாத்தையும்?"

எல்லாம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. துணி, துவைப்பது, மெடிக்கல் கடை, எல்லாம்.

"எல்லாத்தையும்மா."

"அப்ப வீட்டுக்குப் போவோம்," என்றாள்.

அதற்குள் பக்கத்துக் கட்டில் சேச்சி ஆட்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார். "எந்தா அம்மே? மோன் எந்தா பறஞ்ஞது? ஒந்நும் கேட்டில்லல்லோ!" மகன் சொன்னது ஒன்றும் கேட்கவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய சாதாரணக் குரலில் சொன்னாள், "மீன் வாங்கவான்னு கேக்கான் சேச்சி. எனக்கு ஒண்ணும் வேண்டாம்னுட்டேன்."

"ஈ செக்கன் இத்தற பதுக்கே பறயுமோ?" என்று சேச்சி தன் வீட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். இந்தப் பையன் இவ்வளவு மெதுவாகப் பேசுவானா என்று. "அந்நு வார்டு முழுவன் கேட்டதல்லே!"

அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு ஏதோ பதட்டத்துல கத்திட்டான்," என்றாள் அம்மா. "அவன் எப்பவும் மெதுவாத்தான் பேசுவான் சேச்சி. சின்ன வயசுலயே அப்படித்தான்."

சொல்லிவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.